கொக்கி மாட்டாமல் பறந்தவன்

தேசப்பனுக்கு உயரம் என்றால் பயம். அந்தப் பயம்தான் அவன் குடும்பத்துக்குக் கடவுள் கொடுத்த ஒரே சொத்து என்று நான் சொன்னால் என்னோடு வேலை பார்க்கிற எங்கள் செட்டில் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் பயம் போன விதத்தைக் கூட இருந்து பார்த்தவன் நான்.

நாங்கள் பெயின்டர்கள். பண்டிகைக்கு வீட்டுச் சுவரில் வெள்ளையடிக்கிறவர்கள் இல்லை. மணலியிலும் எண்ணூரிலும் நிற்கிற புகைபோக்கிகள், எண்ணெய் டாங்குகள், துறைமுகத்துக் கிரேன்கள், இவற்றின் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறவர்கள். உப்புக்காற்றும் ஆலைப்புகையும் சேர்ந்தால் இரும்பு என்ன பாடுபடும் என்பதை எங்களைக் கேட்டால் தெரியும். இங்கே அடித்த பெயின்ட் காய்வதற்குள் அங்கே உரிய ஆரம்பித்திருக்கும். அதனால் எங்களுக்கு வேலை இல்லாத நாளே கிடையாது.

தேசப்பன் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்துக்காரன். சித்தப்பனோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டு படகை விட்டு இறங்கி எங்களோடு வந்து சேர்ந்தான். வந்த புதிதில் அவன் மேலே நிற்பதைப் பார்க்க வேண்டுமே! ஆடுகிற படகில் நின்று பழகிய கால். காற்று வந்து நாங்கள் நின்று பெயின்ட் அடிக்கிற தொங்குதொட்டிலை ஆட்டினால் நாங்கள் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொள்வோம். அவன் பாட்டுக்கு பீடியைப் பற்றவைக்கத் தீப்பெட்டி கேட்பான். காண்ட்ராக்டர் ரவிக்குமாருக்கு அவன்தான் செல்லப்பிள்ளை.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. இடுப்பு பெல்ட்டிலிருந்து இரண்டு கயிறு தொங்கும், இரண்டின் முனையிலும் கொக்கி. இடம் மாறும்போது ஒரு கொக்கியைக் கழற்றி முன்னால் மாட்டி, அது 'டக்' என்று கடித்த பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். எந்த நேரமும் ஒன்றாவது இரும்பைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனைப் பார்த்து "மாட்னியா?" என்று கத்துவான். "மாட்டிக்கினேன்" என்று பதில் வந்தால்தான் இவன் அடுத்த படியில் கால் வைப்பான். கிழவனானாலும் சரி, நேற்று வந்தவனானாலும் சரி, இதில் மாற்றமில்லை.

எங்கள் செட்டிலிருந்த ராயபுரத்து ஜேக்கப் ஒரு நாள் மதியம் இரண்டு கொக்கியையும் கழற்றினான். மணலிப் பக்கம் ஒரு டாங்கில் வேலை. நடுவில் ஒரு தூண். அதைச் சுற்றிப் போக ஒரு நொடிதான் ஆகும் என்று நினைத்திருப்பான் போல. தூணுக்கு இந்தப் பக்கம் தேசப்பன் நின்றுகொண்டிருந்தான். "பிரஷ்ஷ புடி மச்சி" என்று ஜேக்கப் நீட்டினான். தேசப்பன் கையை நீட்டினான். பிரஷ் கைக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஜேக்கப் இல்லை.

அன்றைக்கு வந்த பயம் அது. தேசப்பனைக் கீழே இறக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அதற்கப்புறம் அவன் மேலே ஏறவே இல்லை. தரையில் உட்கார்ந்து பெயின்ட் கலக்கிக் கொடுத்தான், கயிறு பிடித்தான், ஸ்பிரே துப்பாக்கி கழுவினான். வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னால்கூட முகமெல்லாம் வியர்த்துவிடும். பெண்டாட்டி பவானிதான் ஏறி மாற்றுவாள். ஆனால் ஆயுத பூஜை வந்தால் போதும், யாரும் போடாத அந்த பெல்ட்டைத் துடைத்து எண்ணெய் தடவி, கொக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பான்.

செட்டில் அவனுக்கு 'தரை டிக்கெட்' என்று பெயர் வைத்தார்கள். ரவிக்குமாரே அப்படித்தான் கூப்பிடுவான். பவானி ஒரு நாள் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "பயந்தாங்கொள்ளின்னு நல்லா கூவுங்க. எனக்கு கேக்க ஷோக்கா கீது. ஜேக்கப்பண்ணன் பொண்சாதி இப்ப யாரப் பாத்து கூவும்?" எனக்கு மட்டும் அவளுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்று தோன்றியது.

மகள் வினிதாவுக்குத்தான் அது ஆறாத புண். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பில் எங்கள் செட்டுக்காரர்களின் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் உண்டு. பிள்ளைகள் வாய் சும்மா இருக்குமா?

பொங்கல் விடுமுறையில் ரவிக்குமார் திடீரென்று பெரிய மனது பண்ணினான். எப்போதும் ஒரு பிரியாணியோடு முடித்துவிடுகிறவன், இந்த முறை எல்லாரையும் குடும்பத்தோடு வேன் வைத்து, ஊருக்குத் தெற்கே இருக்கிற ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துப் போனான். அவன் காரணமில்லாமல் ஒரு டீகூட வாங்கித்தர மாட்டான். எண்ணூரில் ஒரு புகைபோக்கி வேலை எடுத்திருந்தான். அதன் உச்சி வளையத்தில் துரு தின்ற கம்பிகளுக்கு நடுவே நின்று வேலை செய்யப் பழைய கை வேண்டும். அந்தக் கை யாருடையது என்று செட்டில் எல்லாருக்கும் தெரியும். வேனில் போகும்போதே தேசப்பனைப் பார்த்து, "இன்னாடா தரை டிக்கெட்டு, இந்த வருசமாவது வானத்த எட்டிப் பாப்பியா?" என்றான்.

பவானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பார்க்கில் தலைகீழாகச் சுற்றுகிறதும் செங்குத்தாக விழுகிறதுமாக எத்தனையோ இருந்தன. அவற்றின் பக்கமெல்லாம் தேசப்பன் தலைவைத்துப் படுக்கவில்லை. வினிதாவும் கேட்கவில்லை. ஒரு பெரிய கொட்டகைக்குள் பறக்கிற சினிமா மாதிரி ஒன்று இருந்தது. வளைந்த ஒரு பெரிய திரை. அதன் முன்னால் வரிசையாக நாற்காலிகள். படம் ஓடும்போது நாற்காலி கொஞ்சம் மேலே எழும்பி, கால் தொங்க, இப்படியும் அப்படியும் மெல்லச் சாயும். விமானத்தில் பறப்பது போல இருக்குமாம். தொட்டில் குழந்தைகூட அழாது என்று எழுதி வைக்காத குறைதான். பல் போன கிழவிகள் எல்லாம் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"நைனா, இது சும்மா படம் நைனா. நான் உன் பக்கத்துலயே குந்திக்கிறேன்" என்றாள் வினிதா.

"உனுக்கு வோணாம். அவ போவட்டும்" என்றாள் பவானி.

தேசப்பன் மகளைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். "பிலாலு, நீயும் வரியா?" என்றான். போனேன்.

அங்கேதான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். வேறு தொழில்காரன் எவனுக்கும் தோன்றாத காரியம். புளியோதரைப் பையின் அடியிலிருந்து தன் பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். காலையில் அவன் அதைப் பைக்குள் வைத்ததை பவானி பார்த்திருக்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர்கள் கொடுத்த வாரை மாட்டினான். அதற்கப்புறம் தலைக்கு மேலே போன இரும்புச் சட்டத்தை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, தன் இரண்டு கொக்கிகளையும் அதில் மாட்டினான். டக், டக். முகத்தில் அப்படியொரு நிம்மதி. பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பி, "மாட்னியா?" என்றான்.

தொப்பி போட்ட ஒரு பெண் ஓடிவந்தாள். "சார், சார், இதெல்லாம் மாட்டக் கூடாது. சீட் நகரும்போது இழுத்துடும். கழட்டினாத்தான் நாங்க ஸ்டார்ட் பண்ண முடியும்."

"ஒரு கொக்கியாவது இருக்கட்டும்மா" என்றான் தேசப்பன். கெஞ்சினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எங்க பெல்ட்டே போதும் சார். ஒண்ணும் ஆகாது."

கொட்டகையே சிரித்தது. பின் வரிசையில் எங்கள் செட்டுக்காரர்கள் விசில் அடித்தார்கள். ரவிக்குமார் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வினிதா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காது சிவந்துபோயிருந்தது. தேசப்பன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு முதல் கொக்கியைக் கழற்றினான். பிறகு இரண்டாவதையும் கழற்றி, பெல்ட்டையே அவிழ்த்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

விளக்கு அணைந்தது. நாற்காலி எழும்பியதும் என் மணிக்கட்டைப் பிடித்தான் பாருங்கள், நகம் உள்ளே இறங்கிவிட்டது. திரையில் பனிமலை வந்தது, ஆறு வந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. "யா அல்லா, இவனைப் பத்திரமா இறக்கு" என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு கடல் வந்தது. முகத்தில் சில்லென்று தண்ணீர் தெளித்தார்கள், உப்பு வாடையும் வந்த மாதிரி இருந்தது. கடல்வாடைக்கு அவன் கண் திறந்துவிட்டது. கீழே நீலமாகத் தண்ணீர், அதில் குட்டிக் குட்டியாகப் படகுகள். நாங்கள் அவற்றின் மேல் மெதுவாக மிதந்துகொண்டிருந்தோம்.

என் மணிக்கட்டில் அவன் பிடி தளர்ந்தது. அப்புறம் கையையே எடுத்துவிட்டான். முன்னால் சாய்ந்து, தொங்குகிற இரண்டு காலையும் சின்னப் பையன் மாதிரி ஆட்டிக்கொண்டு பார்த்தான். வினிதா "நைனா! நைனா!" என்று கத்திக் கை தட்டினாள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

படம் முடிந்து வெளியே வந்தபோது தொப்பிப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். "சார், உங்க பெல்ட்!" நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

வெளியே பவானி பைகளோடு நின்றிருந்தாள். "பவானி, கொக்கி மாட்டாம பறந்தேன். ஒண்ணுமே ஆவல!" என்று தேசப்பன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வருடக்கணக்கில் ஆகிறது.

"ஒண்ணும் ஆவாதுன்னுதான் ஜேக்கப்பண்ணனும் நெனச்சிருக்கும்" என்றாள் பவானி. அவள் சொன்னது அவன் காதில் விழவில்லை. வினிதாவை இழுத்துக்கொண்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றுவிட்டான். அன்றைக்குப் பொழுது சாய்கிற வரை அந்தக் கொட்டகைக்குள் போவதும் வருவதுமாகவே இருந்தான்.

ரவிக்குமார் அந்த வீடியோவைச் செட்டு குரூப்பில் போட்டான். 'தரை டிக்கெட் இனி ஃபிளைட் டிக்கெட்' என்று அதற்கு ஒரு தலைப்பு. வினிதா தன் ஸ்டேட்டஸில் வைத்தாள். அந்த வாரமே தேசப்பன் ஸ்டூலில் ஏறிப் பல்பு மாற்றினான். அடுத்த நாள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்று, பக்கத்து வீட்டு வயரில் சிக்கிய பட்டத்தை எடுத்துக் கொடுத்தான். பவானி அதைச் சொல்ல என் வீட்டுக்கு வந்தாள்.

"மேல ஏறப் போறேன்னுதுண்ணா. எண்ணூர்ல. நீ சொன்னா கேக்கும். அந்தப் பயத்த நம்பித்தாண்ணா நான் குடும்பம் நடத்திக்கினு இருந்தேன்."

நான் முதலில் ரவிக்குமாரிடம் போனேன். "நான் இன்னா அவன கைய புடிச்சா இஸ்துகினு போறேன்? அவனா வரேன்னான், நான் சரின்னேன்" என்றான். அப்படிப்பட்ட ஆள். எல்லாவற்றையும் செய்துவிட்டு, எதையும் செய்யாதவன் மாதிரி நிற்கத் தெரிந்தவன். அவனோடு பேசுவதற்குப் பதில் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

தேசப்பனிடம் பேசினேன். "எத்தினி நாளைக்கி மாமு பெயின்ட்டு கலக்கிக்கினே குந்திக்கினு இருக்கச் சொல்ற? என் பொண்ணு தலநிமுந்து பள்ளிக்கோடம் போவுது, பாத்தியா?" என்றான். "அப்ப நான் உன் பின்னாலயே ஏறுவேன்" என்று மட்டும் சொன்னேன்.

எண்ணூரில் அன்று காலையிலிருந்தே காற்று சரியில்லை. கழிமுகத்துப் பக்கமிருந்து சாம்பலைக் கிளப்பிக்கொண்டு வந்தது. புகைபோக்கியின் வெளிப்புறம் இரும்பு ஏணி, இடையிடையே சுற்று மேடை. தேசப்பன் முதலில் ஏறினான், நான் அவனுக்குக் கீழே. அவன் ஏறின வேகம் எனக்கு நல்லதாகப் படவில்லை. ஒவ்வொரு மேடைக்கும் நான் "மாட்னியா?" என்று கத்தினேன். ஒவ்வொரு முறையும் "மாட்டிக்கினேன்" என்று பதில் வந்தது.

உச்சி மேடையில் ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியைத் துரு தின்று தீர்த்திருந்தது. புதிதாக வைப்பதற்காக அதை அறுத்து எடுத்திருந்தார்கள். "மாட்னியா?" என்றேன். "மாட்டிக்கினேன் மாமு" என்றான். தலையை மேடைக்கு மேல் நீட்டினேன். கம்பி இல்லாத இடத்தில், விளிம்பில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஒரு கையில் சுரண்டி. இரண்டு கொக்கியும் அவன் முழங்காலுக்குக் கீழே காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

கொக்கி இல்லாமல் நிற்பவனைக் கூப்பிடக் கூடாது. திடுக்கிட்டுத் திரும்பினால் போச்சு. இதுவும் எங்கள் தொழிலில் உள்ள முறைதான். நான் என் கொக்கியை மாட்டிக்கொண்டு, ஏதேதோ பேசிக்கொண்டே மெல்ல நகர்ந்தேன். மத்தியானத்துக்கு என்ன சோறு, காசிமேட்டில் வஞ்சிரம் வந்ததா, இப்படி என்னவெல்லாமோ. அவன் திரும்பாமலே பதில் சொன்னான். "வஞ்சிரம் எங்க மாமு, இப்ப வெறும் காரப்பொடி மீனுதான்." கீழே கடலில் நங்கூரமிட்ட கப்பல்கள் நின்றன. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டே ஒரு காலை எடுத்து விளிம்புக்கு வெளியே லேசாக ஆட்டினான். நாற்காலியில் ஆட்டினானே, அதே மாதிரி.

எட்டி அவன் கொக்கியைப் பிடித்து, அறுக்காமல் மிச்சமிருந்த கம்பியில் மாட்டினேன். டக். அந்தச் சத்தத்துக்குத்தான் திரும்பினான். கொக்கியைப் பார்த்தான், தொங்குகிற மற்றதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மறந்துட்டேன் பிலாலு" என்றான்.

பல்லைத் தேய்க்க மறந்தவன் சொல்வது மாதிரி சொன்னான். நான் மேடையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் நடுங்குவான், இப்போது நடுங்குவான் என்று காத்திருந்தேன். அவன் நடுங்கவில்லை. கையை முன்னால் நீட்டி விரல்களையே பார்த்தான். அவையும் அசையாமல் இருந்தன. அப்போதுதான் அவன் முகம் மாறியது.

"மாட்டிக்கினேன்னு உன்னாண்ட சொன்னேனே மாமு. மெய்யாலுமே மாட்டிக்கினேன்னுதான் நெனச்சேன். எட்டிப் பாக்குறேன், பயம் வரல. வரவே மாட்டேன்னுது. இப்ப நான் இன்னா பண்றது?"

"கீய எறங்கு" என்றேன்.

ஒவ்வொரு படிக்கும் அவன் கொக்கியை நானே மாட்டி, நானே கழற்றி இறக்கினேன். கடைசி மேடையில் அவன் நின்றான். கீழே செட்டே கூடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. தேசப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஒரு பெருமூச்சு விட்டான். தரையைத் தொட்டதும் அப்படியே மண்ணில் மடங்கி விழுந்து, "என்னால முடில! எனக்கு பயமா கீது! நான் ஏற மாட்டேன்!" என்று அலறினான். உடம்பெல்லாம் உதறியது, பல் கிட்டித்தது. அன்றைக்கு ஜேக்கப் விழுந்த டாங்கிலிருந்து இறக்கியபோது எப்படி இருந்தானோ, அச்சு அசலாக அப்படியே இருந்தான். அன்றைக்கு இருந்த தன்னையே பார்த்து இப்படி நடிக்க வேறு ஒருவனால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

ரவிக்குமார் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். எவனோ ஒரு பாவி அந்த அலறலைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் அது வினிதாவின் பள்ளிக்கூடம் வரை போய்விட்டது.

பவானி ஓடிவந்தாள். "பயம் வந்துச்சாமேண்ணா? நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீரும் முகத்தில் சிரிப்புமாக நின்றாள். "வந்துச்சு தங்கச்சி" என்றேன். ஒற்றியூர்க் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

வினிதா கொஞ்ச நாள் அப்பாவோடு பேசவில்லை. பிறகு தானாகவே சரியாகிவிட்டாள். நேற்று அவர்களோடு நானும் ராயபுரம் போக வேண்டியிருந்தது. திருவொற்றியூர் ஸ்டேஷனில் அந்தப் பக்கத்து நடைமேடைக்குப் போக மேம்பாலம் ஏற வேண்டும். வினிதா அப்பாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கீய பாக்காத நைனா. என்னியே பாத்துக்கினு வா. நான் கீறேன் இல்ல?"

"சரிம்மா" என்றான் தேசப்பன். குரலில் நடுக்கம் கச்சிதமாக இருந்தது. பாலத்தின் நடுவில் கும்மிடிப்பூண்டி வண்டி எங்களுக்கு அடியில் போனது. பாலமே அதிர்ந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வினிதா கண்ணை மூடிக்கொண்டு அவனை இழுத்தாள்.

நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். தேசப்பன் கம்பிக்கு மேல் நன்றாகக் குனிந்து, போகிற வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அவன் கால் நடுங்கவே இல்லை.